ஏழாம் சாலையில் ஒரு மேடு

டாக்டர் கையுறையைக் கழற்றாமலே சொன்னார்:
மேலே நூற்றி அறுபத்தெட்டு, கீழே நூற்றி நான்கு.
பேருந்து எண் மாதிரி இருக்கிறதே என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறீர்கள், மார்லேனி?"
நூற்று எண்பது.
"நீங்களா, பேருந்தா?"

அந்தக் கேள்வியோடு வீடு திரும்பினேன்,
உட்கார்ந்தபடி,
வேறொருவர் ஓட்டிய பேருந்தில்.

மூன்றாம் மாடி நூபியா மகனின் சைக்கிளைத் தந்தாள்.
அவன் மெடயினுக்கு வேலைக்குப் போனதிலிருந்து
அதன்மேல் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.
கைப்பிடியில் ஒரு காலுறை இன்னும் தொங்கியது.
பச்சை வண்டி. இருக்கை மட்டும்
ஐம்பத்து மூன்று வயதுக்கு
எந்த மரியாதையும் தெரியாத இருக்கை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு பொகோட்டாவில்
பெரிய சாலைகளை மோட்டார் வண்டிகளுக்கு அடைத்துவிடுவார்கள்.
பத்தொன்பது வருடம் அந்த அடைப்பைத் திட்டியவள் நான்.
சுற்றுவழியில் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம்
வேலையற்ற கூட்டம் என்று முணுமுணுத்தவள்.
இன்று ஆரஞ்சுக் கூம்புகளைத் தாண்டி
திருடியைப் போல நுழைந்தேன்
என் சொந்தத் தடத்துக்குள்,
ஏழாம் சாலையில், வடக்கு நோக்கி.

முதல் நிறுத்தம் வந்ததும் கை தானாக பிரேக் பிடித்தது.
குடையோடு ஒருவர் நின்றிருந்தார்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
கதவு திறக்கும் பொத்தானைத் தேடிய கட்டைவிரலுக்கு
மணி அகப்பட்டது.
ட்ரிங்.
"இடமில்லை ஐயா" என்றேன்.
அவர் தொப்பியைத் தொட்டு விடைகொடுத்தார்.

பேருந்தை மிதித்தால் பேருந்துக்குப் பசிக்கும்.
இதை மிதித்தால்
எனக்கல்லவா பசிக்கிறது.

நாற்பத்தைந்தாம் தெரு தாண்டியதும் ஏதோ கோளாறு.
சங்கிலி மாட்டிக்கொண்டதா, காற்று இறங்கிவிட்டதா,
வண்டி நகர மாட்டேன் என்றது.
வண்ணக் குடையடியில் உட்கார்ந்திருந்த பஞ்சர்க்காரன்
டயரை அழுத்திப் பார்த்தான்,
சாலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"மேடு, சென்யோரா. வெறும் மேடு."

மேடா? இங்கேயா?
நாளைக்கு ஆறு நடை, பத்தொன்பது வருடம்,
தட்டைச் சாலை என்றே நினைத்து ஓட்டியிருக்கிறேன்.
எஞ்சின் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.
அது தனியாகவே ஏறியிருக்கிறது.
நான் மேலே உட்கார்ந்து வானொலி கேட்டிருக்கிறேன்.

ஏறினேன். பார்க்க அழகாக இருந்திருக்காது.
மூச்சு வாங்கியது. கடல் மட்டத்துக்கு
இரண்டாயிரத்து அறுநூறு மீட்டர் மேலே
மூச்சு விலை கூடிய சரக்கு.
சில்லறையாகத்தான் வாங்க முடிந்தது,
கால் மூச்சு, அரை மூச்சு.
எனக்குத் தொடைகள் இருப்பது தெரியவந்தது.
பக்கச் சக்கரம் பொருத்திய சிறுமி ஒருத்தி என்னைத் தாண்டினாள்.
அவள் நாயும் தாண்டிற்று.
அடிக்க என்னிடம் ஹாரன் இல்லை.

உச்சியில் ஒருத்தி ஆரஞ்சு பிழிந்துகொண்டிருந்தாள்.
கிளாஸைக் காலி செய்துவிட்டுத் திரும்பினால்
வலப்பக்கம் கிழக்கு மலை.
பக்கக் கண்ணாடியில் துண்டு துண்டாகவே பார்த்த மலை
அடியிலிருந்து முடிவரை ஒரே மலையாக,
யூகலிப்டஸ் வாசனையோடு.
இத்தனை நாள் ஜன்னல் மூடியிருந்தது போலும்.
இறக்கத்தில் நான் கத்தியதை
நூபியாவிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ஆறு ஞாயிறு கழித்து டாக்டர் மறுபடி பட்டையைச் சுற்றினார்.
நூற்றி ஐம்பத்தெட்டு.
அதைப் பென்சிலால்தான் எழுதினார்.
"மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
மேட்டையும்."

இன்று திங்கள். பேருந்து நிறைய ஆட்கள்.
நாற்பத்தைந்தாம் தெருவைத் தாண்டி எனக்கு முன்னால்
முதுகில் சதுரப் பெட்டியோடு ஒரு பையன்
யாருக்கோ காலை உணவு கொண்டுபோகிறான்,
இருக்கையை விட்டு எழுந்து மிதிக்கிறான்.
ஹாரன் அடி, என்கிறது பின்னாலிருந்து ஒரு டை.
நான் கியரைக் குறைத்தேன்.
காலடியில் எஞ்சின் முனகியது.
தெரியும், என்றேன் அதனிடம்,
தெரியும்.